கடலை வென்ற தச்சர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவர்

மணி என்ன? நாள்தோறும் நாம் பலமுறை கேட்கும் கேள்வி இது. பதில் சொல்பவர் ஐந்து நிமிடம் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் நாம் கவலைப்படுவதில்லை. பேருந்து தவறினால் அடுத்த பேருந்து வரும். ஆனால் இதே கேள்விக்குச் சரியான விடை கிடைக்காததால் கப்பல் கப்பலாக மனிதர்கள் மாண்ட காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பிறந்து, அந்தக் கேள்விக்கு விடை கண்ட ஒருவரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அவர் பெயர் ஜான் ஹாரிசன்.

இன்று வீட்டிலேயே மிகத் துல்லியமான கடிகாரம் ஒன்றை அமைத்துவிடலாம். உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணிப்பொறி ஒன்றும், செயற்கைக்கோள்களின் சைகையை வாங்கும் ஜி.பி.எஸ். ஏற்பி ஒன்றும் இருந்தால் போதும். கணிப்பொறிக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகொண்டிருக்கும். அதை நம்பியே அது நேரத்தை எண்ணுகிறது. ஆனால் அறை சூடானால் படிகத்தின் அதிர்வு மாறும். கணிப்பொறியின் நேரம் மெல்ல மெல்ல வழி தவறும். அப்போது செயற்கைக்கோள்கள் துணைக்கு வருகின்றன. அவற்றுள் அணுக்கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றின் சைகையைக் கேட்டு ஏற்பி வினாடிக்கு ஒரு துடிப்பு என்று கணிப்பொறிக்கு அனுப்புகிறது. கணிப்பொறி தன் வினாடியை அந்தத் துடிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வானத்தைப் பார்த்து வீட்டுக் கடிகாரத்தைத் திருத்துவது, வெப்பத்தால் வரும் பிழையை அடக்குவது ஆகிய இரண்டுமே இதன் சாரம். இவ்விரண்டையும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூரில், மரக்கட்டைகளைக் கொண்டு செய்து பார்த்தவர் ஹாரிசன்.

அவர் 1693ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் ஃபோல்பி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை தச்சர். குடும்பம் பிழைப்பை நாடி லிங்கன்ஷயரில், ஹம்பர் ஆற்றங்கரையை அடுத்த பாரோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. மகனும் தந்தையிடமே தொழில் கற்றார். உளியும் இழைப்புளியுமே அவர் கண்ட பள்ளிக்கூடம். அவ்வூருக்கு வந்துபோன பாதிரியார் ஒருவர், கேம்பிரிட்ஜில் நிக்கலஸ் சாண்டர்சன் நடத்திய இயற்கை அறிவியல் பாடங்களின் கையெழுத்துப் படியை அவருக்கு இரவலாகக் கொடுத்தார். (சாண்டர்சன் கண்பார்வை அற்றவர் என்பது தனிச் செய்தி.) ஹாரிசன் அந்தப் படி முழுவதையும், படங்கள் உட்பட, தம் கையால் எழுதி வைத்துக்கொண்டார். ஜெராக்ஸ் கடை இல்லாத காலம்! நண்பனின் குறிப்பேட்டைத் தேர்வுக்கு முந்தைய இரவில் படமெடுத்துக்கொள்ளும் நாம் அந்த உழைப்பைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

1713ஆம் ஆண்டு, இருபது வயது நிரம்பும் முன்பே, தம் முதல் கடிகாரத்தைச் செய்து முடித்தார். ஏறக்குறைய முழுவதும் மரம். பல் சக்கரங்கள்கூட ஓக் மரத்தால் ஆனவை. சுமார் 1722இல் பிராக்கிள்ஸ்பி என்ற இடத்துச் செல்வர் ஒருவருக்காகக் கோபுரக் கடிகாரம் ஒன்றைச் செய்தார். அக்காலத்தில் கடிகாரங்களுக்குப் பெரும் பகையாக இருந்தது எண்ணெய். குளிரில் அது இறுகும், நாளானால் பிசினாகும், கடிகாரம் தடுமாறும். நல்ல எண்ணெய்க்கு என்ன செய்வது என்று பிறர் தேடிக்கொண்டிருந்தபோது, எண்ணெயே வேண்டாதபடி செய்தால் என்ன என்று தச்சர் எண்ணினார். லிக்னம் விட்டே என்னும் வெப்பநாட்டு மரம் தனக்குள்ளேயே நெய்ப்பசையைச் சுரப்பது. உராயும் இடங்களில் அம்மரத்தை வைத்தார். அந்தக் கடிகாரம் முந்நூறு ஆண்டு கடந்தும் எண்ணெய் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மரத்தின் மனத்தை அறிந்தவருக்கே இது தோன்றும். எந்தப் பல்கலைக்கழகமும் அதைக் கற்றுத் தந்திருக்க முடியாது.

அடுத்த பகை வெப்பம். ஊசலின் நீளம் கூடினால் அதன் அலைவு நேரம் கூடும் என்பது நாம் முதலாண்டிலேயே செய்முறையில் கண்டது. எஃகுத் தண்டில் தொங்கும் ஊசல், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 வினாடி பின்தங்கும். எஃகைவிடப் பித்தளை மிகுதியாக விரியும். எனவே ஹாரிசன் எஃகுத் தண்டுகளையும் பித்தளைத் தண்டுகளையும் மாறி மாறி, ஜன்னல் கம்பிகளைப் போல் அடுக்கினார். எஃகு குண்டைக் கீழே இறக்க, பித்தளை அதே அளவு மேலே ஏற்ற, ஊசலின் நீளம் மாறாமல் நின்றது. தம்பி ஜேம்ஸ் உடன் உழைத்தார். 1720களின் இறுதியில் இருவரும் செய்த கடிகாரங்கள் மாதத்துக்கு ஒரு வினாடிக்கு மேல் தவறவில்லை.

மாதத்துக்கு ஒரு வினாடிதான் தவறுகிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல கடிகாரம் அந்த ஊரில் மட்டுமன்று, உலகிலேயே அரிதாக இருந்ததே! ஹாரிசன் வானத்தையே கடிகாரமாக்கினார். தம் வீட்டு ஜன்னல் சட்டத்தின் ஓரத்தையும், அண்டை வீட்டுப் புகைபோக்கியின் விளிம்பையும் ஒரே கோடாக வைத்து நோக்கினார். நள்ளிரவில் குறிப்பிட்ட விண்மீன் நகர்ந்து சென்று அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும். மறையும் கணத்தில் கடிகாரம் காட்டும் வினாடியைக் குறித்துக்கொள்வார். பூமியின் சுழற்சி அப்படிப்பட்டது. மறுநாள் அதே விண்மீன் 3 நிமிடம் 56 வினாடி முன்னதாக மறைய வேண்டும். கடிகாரம் அப்படிக் காட்டினால் சரி. இல்லாவிட்டால் வேறுபாடே பிழை. இரவு இரவாக இதைச் செய்தார். தொலைநோக்கி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு ஜன்னல், ஒரு புகைபோக்கி, ஒரு விண்மீன்! இன்று மொட்டை மாடியில் ஏற்பியை வைத்து, வினாடித் துடிப்பைக் கணிப்பொறிக்குக் கொடுக்கும் மாணவன் செய்வதும் இதுவே. விண்மீனின் இடத்தில் செயற்கைக்கோள் வந்திருக்கிறது.

இனிக் கடலுக்கு வருவோம். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே இரண்டு ஊர்களில் நண்பகல் வரும் நேர வேறுபாடு தெரிந்தால், அவற்றின் தீர்க்கரேகை வேறுபாடும் தெரிந்துவிடும். சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து ஏறக்குறைய அரை மணி கழித்துத்தான் மும்பையில் உச்சிக்கு வருகிறது. நடுக்கடலில் நிற்கும் மாலுமி தன் நண்பகலைச் சூரியனைப் பார்த்து அறியலாம். ஆனால் அதே கணத்தில் புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன? அதைச் சொல்ல ஒரு கடிகாரம் வேண்டும். கப்பலின் ஆட்டத்தில் ஊசல் கடிகாரம் நிற்காது. அதனால் மாலுமிகள் வேகத்தையும் திசையையும் கொண்டு உத்தேசமாகவே தம் இடத்தைக் கணித்தனர். 1707ஆம் ஆண்டு அக்டோபரில் தளபதி கிளவுட்ஸ்லி ஷவலின் கப்பற்படை, தன் இடத்தைத் தவறாகக் கணித்து, சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதியது. நான்கு கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் கண்டறியும் முறைக்கு 20,000 பவுன் பரிசு. ஒரு தச்சன் தன் வாழ்நாள் முழுதும் உழைத்தாலும் நினைத்துப் பார்க்க முடியாத தொகை அது. அரைப் பாகை என்றால் நேரத்தில் 2 நிமிடம். ஆறு வாரப் பயணத்தில் கடிகாரம் நாளுக்கு 3 வினாடிக்கு மேல் தவறக்கூடாது. வெப்பமும் குளிரும் ஈரமும் ஆட்டமும் உள்ள கடலில் அப்படியொரு கடிகாரம் இன்னும் செய்யப்படவில்லை என்று நியூட்டனே கருத்துரைத்திருந்தார். வானியல் அறிஞர்கள், விண்மீன்களுக்கு இடையே நிலா நகர்வதை அளந்து நேரம் காணும் வழியையே நம்பினர்.

ஹாரிசன் 1730இல் லண்டனுக்குச் சென்றார். அரச வானியலறிஞர் எட்மண்ட் ஹாலி அவரைக் கடிகார வல்லுநர் ஜார்ஜ் கிரஹாமிடம் அனுப்பினார். கிரஹாம் இந்த நாட்டுப்புறத் தச்சரின் வரைபடங்களைக் கண்டு வியந்து, கடனும் கொடுத்து அனுப்பினார். இதையும் சொல்ல வேண்டும். ஹாரிசனின் கதையை ஏழைக்கும் பண்டிதர்க்கும் நடந்த போர் என்று மட்டுமே சொல்பவர்கள் ஹாலியையும் கிரஹாமையும் மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாண்டு உழைப்பில் முதல் கடற்கடிகாரம் பிறந்தது. எடை 34 கிலோ. ஊசலுக்குப் பதில், சுருள்வில்களால் இணைக்கப்பட்டு எதிரெதிராக ஆடும் இரண்டு தண்டுகள். 1736இல் அதோடு லிஸ்பனுக்குக் கடற்பயணம் செய்தார். போகும்போது கடல் நோயால் வாடினார். திரும்பும்போது கரை தெரிந்தது. அது ஸ்டார்ட் முனை என்றனர் மாலுமிகள். இல்லை, லிசர்டு முனை என்றார் ஹாரிசன். அவர் சொன்னதே சரி. கப்பலின் கணக்கு ஏறத்தாழ 60 மைல் பிசகியிருந்தது.

மறு ஆண்டு தீர்க்கரேகை வாரியம் கூடியது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பரிசைக் கேட்டிருப்பார்கள். குறைந்தது, பரிசுக்குரிய மேற்கிந்தியத் தீவுப் பயணத்தையாவது கேட்டிருப்பார்கள். ஹாரிசனோ எழுந்து தம் கடிகாரத்தின் குறைகளைத் தாமே எடுத்துரைத்தார்! இன்னும் சிறிதாக, இன்னும் செம்மையாக ஒன்று செய்யப் பணம் மட்டும் வேண்டும் என்றார். இரண்டாவது கடிகாரம் 1739இல் முடிந்தது. அதை அவர் கடலுக்கு அனுப்பவே இல்லை. ஸ்பெயினோடு போர் மூண்டது ஒரு காரணம். கப்பல் திரும்பும் வேகத்தில் தண்டுகளின் ஆட்டம் பாதிக்கப்படும் என்ற குறையை அவரே கண்டது மற்றொரு காரணம். மூன்றாவதற்கு 19 ஆண்டுகள்! 753 உறுப்புகள். அது அவர் எண்ணியபடி அமையவில்லை. ஆனால் அதற்காக அவர் கண்ட இரண்டு பொருள்களை நாம் இன்றும் கைவிடவில்லை. ஒன்று, பித்தளையையும் எஃகையும் ஒட்டிச் செய்த ஈருலோகத் தகடு. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி அளவோடு சூடானதும் தானே அணைவது பெரும்பாலும் இதனால்தான். மற்றொன்று, கூட்டுக்குள் அடைத்த உருளைகள் கொண்ட தாங்கி. இன்றைய பேரிங்குகளின் முன்னோடி அது.

நாற்பதில் தொடங்கியவர் அறுபதைத் தாண்டினார். இத்தனை ஆண்டுகள் வீணாயின என்று வாரியத்தின் மீது மட்டும் பழி போடுவோர் உண்டு. வாரியம் இந்தக் காலத்தில் அவருக்குப் பணம் தந்துகொண்டே இருந்தது. காலத்தை வாங்கியது ஹாரிசனின் சொந்த மனம்தான். பிறர் போதும் என்றதை அவர் போதாது என்றார்.

1753இல், தாம் வரைந்து கொடுத்த முறையில் லண்டன் தொழிலாளி ஒருவர் செய்த சட்டைப்பைக் கடிகாரம் எதிர்பாராத துல்லியத்தோடு ஓடுவதைக் கண்டார். அப்போது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பெரிதாக, மெதுவாக ஆடும் பொறி கப்பலின் ஆட்டத்துக்கு இரையாகும். சிறிதாக, மிக விரைவாகத் துடிக்கும் பொறியைக் கடல் அசைக்க முடியாது. முப்பதாண்டு பிடித்துவந்த வழியை அந்த முதியவர் அப்படியே விட்டார். 1759இல் நான்காவது கடிகாரம் வந்தது. குறுக்களவு 13 சென்டிமீட்டர். எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வினாடிக்கு ஐந்து துடிப்பு.

வயது மிகுந்ததால் மகன் வில்லியம் அதைக் கொண்டு 1761 நவம்பரில் டெப்ட்போர்டு என்ற கப்பலில் ஜமைக்காவுக்குப் புறப்பட்டார். வழியில் குடிக்க வைத்திருந்த பீர் கெட்டுப்போய், மாலுமிகள் மதீரா தீவை எப்போது காண்போம் என்று தவித்தனர். வில்லியம் கடிகாரத்தைப் பார்த்து, மறுநாள் தீவு தெரியும் என்றார். தலைவரின் கணக்கு வேறாக இருந்தது. மறுநாள் காலை தீவு தெரிந்தது. ஜமைக்காவை அடைந்தபோது 81 நாட்களில் கடிகாரம் பின்தங்கியிருந்தது 5 வினாடி மட்டுமே!

வாரியம் பரிசு தரவில்லை. ஜமைக்காவின் தீர்க்கரேகையே உறுதியாகத் தெரியாதபோது கடிகாரம் சரி என்று எப்படிச் சொல்வது என்றது. தற்செயலாக இருக்கலாம் என்றது. 1764இல் பார்படோசுக்கு மீண்டும் ஒரு சோதனை நடந்தது. இம்முறை தீவின் தீர்க்கரேகையை வானியல் முறையில் அளக்கச் சென்றவர்களில் ஒருவர் நெவில் மாஸ்கலின். நிலா முறையின் முதன்மை வழக்கறிஞரே அவர்தாம்! ஆயினும் கணக்கில் வந்த பிழை 39 வினாடி. சட்டம் அனுமதித்ததில் மூன்றில் ஒரு பங்கு.

அப்போதும் முழுப் பரிசு வரவில்லை. 1765இல் புதிய சட்டம் பிறந்தது. கடிகாரத்தின் மருமத்தை வல்லுநர் முன் விளக்க வேண்டும். அப்போது பாதிப் பரிசு. அதே போன்றவற்றைச் செய்து காட்டினால் மறுபாதி. ஹாரிசன் சினந்தார். பிறகு இணங்கி, ஆறு நாள் அதைப் பிரித்துக் காட்டி விளக்கினார்.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மாஸ்கலினைத் தீயவராகக் காட்டுவது எளிது. அவர் 1765இல் அரச வானியலறிஞரானார். அதனால் வாரியத்திலும் இடம் பெற்றார். போட்டி முறையை நடத்துபவரே நடுவராக அமர்ந்தது முறையன்று. ஆனால் வாரியம் கேட்ட கேள்வி தவறா? ஒரே ஒரு மேதை ஆறாண்டில் செய்த ஒரே ஒரு கடிகாரம் ஆயிரம் கப்பல்களைக் காக்குமா? பிறரும் செய்யக் கூடுமா என்று கேட்டது நியாயமே. அறிவியலில் ஒருவர் கண்டதை மற்றொருவர் செய்து பார்க்க முடிய வேண்டும். நியாயமற்றது, ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றியதுதான். மாஸ்கலினின் நிலா முறையும் பொய்யன்று. அவர் 1767 முதல் வெளியிட்ட நாவிகப் பஞ்சாங்கம், கடிகாரம் வாங்க முடியாத எத்தனையோ மாலுமிகளுக்கு வழிகாட்டியது.

ஆனால் 1766 மே மாதம் நடந்ததை மன்னிக்க மனம் வரவில்லை. வாரியத்தின் ஆணையோடு மாஸ்கலின் ஹாரிசனின் வீட்டுக்கு வந்தார். மூன்று கடற்கடிகாரங்களையும் எடுத்துச் செல்லவேண்டும் என்றார். முப்பதாண்டு உழைப்பு! எடுக்கும்போதே முதல் கடிகாரம் கீழே விழுந்தது. மற்ற இரண்டும் வில் இல்லாத கட்டை வண்டியில் லண்டன் தெருக்களில் குலுங்கிக் குலுங்கிக் கிரீன்விச்சுக்குப் போயின.

ஹாரிசனால் தம் பக்கத்தைத் தெளிவாக எடுத்துரைக்க முடியவில்லை. அவர் எழுதும் வாக்கியங்கள் நீண்டு, வளைந்து, தொடங்கிய இடத்தை மறந்து நிற்கும். கை அறிந்ததை நாவும் எழுதுகோலும் அறியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். செய்முறைத் தேர்வில் கருவியைச் சரியாக இயக்கிவிட்டு, வாய்மொழிக் கேள்விக்கு முன் சொல் வராமல் நிற்பவர்களை நான் அறிவேன். அவர்களுக்குத் தெரியாது என்று மதிப்பெண் போட்டுவிடலாம். ஹாரிசனுக்கு அப்படிப் போட்டுவிட முடியாதபடி செய்தது அவர் பேச்சன்று. 5 வினாடியும் 39 வினாடியும்தான்.

வாரியத்தின் ஆணைப்படி லார்க்கம் கெண்டல் என்பவர் நான்காவது கடிகாரத்தைப் பார்த்து அப்படியே ஒன்று செய்தார். 1769இல் அது முடிந்தது. கேப்டன் குக் 1772இல் தம் இரண்டாம் பயணத்தில் அதைக் கொண்டுபோனார். மூன்றாண்டு கழித்துத் திரும்பியபோது, முதலில் ஐயத்தோடு பார்த்தவர் அதைப் பெரிதும் போற்றினார். வாரியம் கேட்ட கேள்விக்குத் தென்கடல் விடை சொல்லிவிட்டது.

இதற்கிடையில் ஹாரிசன், எழுபதைத் தாண்டிய வயதில், ஐந்தாவது கடிகாரம் ஒன்றையும் செய்தார். மகன் மூலம் மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் முறையிட்டார். மன்னர் 1772இல் தம் சொந்த ஆய்வுக்கூடத்தில் அதைப் பத்து வாரம் நாள்தோறும் சோதித்தார். நாளுக்கு மூன்றில் ஒரு வினாடிக்கும் மேல் அது தவறவில்லை. மன்னர் முதியவரின் பக்கம் நின்றார். 1773இல் நாடாளுமன்றம் 8,750 பவுன் வழங்கியது. வாரியம் வாக்களித்த பரிசு என்ற பெயரில் அன்று, நாடாளுமன்றத்தின் கொடையாக. அந்தப் பரிசு இறுதிவரை யாருக்கும் அளிக்கப்படவே இல்லை.

1776 மார்ச் 24ஆம் நாள், தம் 83ஆம் பிறந்தநாளன்று, லண்டனில் அவர் காலமானார். கிரீன்விச்சில் துருவேறிக் கிடந்த அவருடைய கடற்கடிகாரங்களை 1920களில் ரூபர்ட் கோல்ட் என்ற கடற்படை அலுவலர் கண்டெடுத்துப் பல ஆண்டுகள் உழைத்து மீண்டும் ஓடவைத்தார்.

இறப்பதற்கு முந்தைய ஆண்டு ஹாரிசன் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். தம் முறைப்படி செய்தால், தரையில் நிற்கும் ஊசல் கடிகாரம் 100 நாட்களில் ஒரு வினாடிக்குள் நேரம் காட்டும் என்று அதில் எழுதியிருந்தார். வழக்கமான நீண்ட வாக்கியங்கள். படித்தவர்கள் எள்ளி நகைத்தனர். கிழவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றே கருதினர். இரண்டு நூற்றாண்டுக்குப் பின் மார்ட்டின் பர்ஜஸ் என்னும் கைவினைஞர் அந்நூலின் வழி நின்று ஒரு கடிகாரத்தைத் தொடங்கினார், பிறர் முடித்தனர். கிரீன்விச்சில் அதைப் பெட்டியில் முத்திரையிட்டு வைத்து 100 நாள் சோதித்தனர். 2015 ஏப்ரலில் முடிவு அறிவிக்கப்பட்டது. பிழை, ஒரு வினாடியில் எட்டில் ஐந்து பங்கு.